மெடிக்கல் ரெப் பர்னபாஸ் டாக்டருக்குப் படித்த வரலாறு

மனிதர்கள் டாக்டராக விரும்புவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஏழைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு வயது பதினேழு. பாளையங்கோட்டை பர்னபாஸுக்கு வயது முப்பத்தெட்டு. அவருக்குக் காரணம் ஒன்றுதான். உட்கார வேண்டும்.

பர்னபாஸ் மெடிக்கல் ரெப். மருந்துக் கம்பெனியின் தோல்பையைத் தூக்கிக்கொண்டு வண்ணார்பேட்டையிலும் ஹைகிரவுண்டிலும் உள்ள டாக்டர்களைத் தேடிப் போய், எங்கள் மாத்திரையை எழுதிக்கொடுங்கள் என்று பணிவாகக் கேட்பது தொழில். நோயாளி வெளியே வருவதற்கும் அடுத்த நோயாளி உள்ளே போவதற்கும் இடையில் கதவுச் சந்தில் புகுந்து, ஒன்றரை நிமிடத்தில் மருந்தின் பெருமை முழுவதையும் சொல்லி முடித்துவிட வேண்டும். நின்றுகொண்டே. அறையில் நாற்காலிக்குப் பஞ்சம் கிடையாது. நோயாளிக்கு ஒன்று, கூட வந்த மச்சினனுக்கு ஒன்று, மச்சினன் கொண்டுவந்த கூடைக்கு ஒன்று. ரெப்புக்குத்தான் இல்லை. எதிரே டாக்டர் சுழல் நாற்காலியில் அரை வட்டம் போய் அரை வட்டம் திரும்புவார். பதினைந்து வருடமாக அந்த நாற்காலி சுற்றுவதைப் பர்னபாஸ் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெப்புகளின் வேதத்தில் இரண்டே கட்டளைகள். யார் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லாதே. எந்த அறைக்குள் போனாலும் எதையாவது வைக்காமல் வெளியே வராதே. சாம்பிள் மாத்திரை, பேனா, காலண்டர், எதுவும் இல்லையென்றால் விசிட்டிங் கார்டாவது மேஜையில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். பர்னபாஸ் இந்த வேதத்தில் பக்திமான். ஒருமுறை சர்ச்சுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது, கூண்டுக்குள்ளே சாமியார் இருமுவதைக் கேட்டு, பாவங்களைச் சொல்லி முடித்த கையோடு இருமல் மருந்து சாம்பிள் ஒன்றை வைத்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவரைக் கம்பெனி கண்டுகொள்ளாமல் விடுமா? ஏரியா மேனேஜர் பதவி தருகிறோம், ராய்ப்பூர் போங்கள் என்றது. ராய்ப்பூரில் தாமிரபரணித் தண்ணீர் இல்லை, நெத்திலி இல்லை, இந்தி மட்டும் இருந்தது. போகட்டும், அங்கேயாவது உட்காரலாமா என்றால் அதுவும் இல்லை. மேனேஜர் என்றால் ரெப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

அதே வாரத்தில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோது பழைய பேப்பர் ஒன்று கண்ணில் பட்டது. நீட் எழுத வயது வரம்பு கிடையாது என்று அதில் போட்டிருந்தது. பர்னபாஸ் நின்றபடியே அதை மூன்று முறை படித்தார்.

அவர் மனைவி ஜாய்சி வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். சாயங்காலம் தையல் மிஷின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏ ஜாய்சி, நான் ஒண்ணு சொன்னா சிரிக்கப்படாது."

"ம்."

"டாக்டருக்குப் படிக்கலாம்னு இருக்கேன்."

ஜாய்சி சிரிக்கவில்லை. வாயில் குண்டூசிகளைக் கடித்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஒரே ஒரு தடவதான். சர்க்கார் காலேஜுல சீட்டு கெடச்சா படிங்க. என் மிஷினு ஓடும், கஞ்சியக் குடிச்சுக்கிடுவோம். கெடைக்கலன்னா வாயப் பொத்திட்டு ராய்ப்பூர் கெளம்பணும். அங்கன வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கப்படாது. சம்மதமா?"

பர்னபாஸ் யாரிடமும் 'இல்லை' என்று சொல்லாதவர். சம்மதம் என்றார். ராய்ப்பூர் விஷயத்தில், ரிசல்ட் வந்ததும் சொல்வதாக, எந்த ரிசல்ட் என்று சொல்லாமல், கம்பெனியின் மதுரை மேனேஜரிடம் தவணை வாங்கிவிட்டார்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. படிக்க உட்கார்ந்ததும்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. உட்கார்ந்தால் அவருக்கு ஏறவில்லை. நின்றுகொண்டு, பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, எதிரே ஒருவர் அலட்சியமாக இருந்தால்தான் மனதில் நின்றது. ஆக, எதையும் விற்றுப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும். ஜாய்சியை டாக்டராக்கினார்.

"குட் ஈவ்னிங் மேடம். ஒன் மினிட் மேடம். நெஃப்ரான். ஒரு கிட்னிக்குப் பத்து லட்சம், ராப்பகலா வேல செய்யும். மத்த வடிகட்டியெல்லாம் தண்ணிய அப்படியே கீழ விட்டுரும் மேடம். நம்ம நெஃப்ரான்ல ஹென்லே வளைவுன்னு ஒண்ணு இருக்கு. போற தண்ணியத் திருப்பி இழுத்து உள்ள அனுப்பிரும். சைடு எஃபெக்டே கெடையாது."

ஜாய்சி தலையைத் தூக்காமல், "சரி, வச்சுட்டுப் போங்க" என்றாள். பர்னபாஸ் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். வாசல் வரை போன பிறகுதான் வீடு தன்னுடையது என்று நினைவு வந்தது.

இப்படியே தவளையின் இதயம், செம்பருத்திப் பூவின் சூல்பை, கிரெப்ஸ் சுழற்சி என்று எல்லாம் ஜாய்சியின் மிஷின்மேல் இறங்கின. கெமிஸ்ட்ரி அவர் கல்லூரியில் படித்த பாடம். கொஞ்சம் தூசி தட்டியதும் எழுந்து உட்கார்ந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் கிறிஸ்டிக்கோ, பிறவி எடுத்த பலன் கிடைத்துவிட்டது.

"அப்பா, போனக் கீழ வைங்க. படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு போனு?"

"கம்பெனி மெசேஜு பாக்கேன், பிள்ள."

"நானும் அப்படித்தான் சொல்லுவேன். அம்மா, அப்பாவப் பாருங்க."

பிசிக்ஸ்தான் விற்கவில்லை. புவியீர்ப்பு விசையை யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. தானே ஓடுகிற சரக்கு. சாய்தளத்தில் உருளும் கட்டையால் யாருக்கு என்ன குணமாகும் என்று பர்னபாஸால் எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. மாதிரித் தேர்வு எழுதினால் பயாலஜியில் ஏறுகிற மார்க்கைப் பிசிக்ஸ் இறக்கியது. தப்பான விடைக்கு ஒரு மார்க் கழிப்பார்கள்; விடாமல் தப்பாக எழுதினார்.

ஜாய்சி விடைத்தாளைப் பார்த்தாள். "இங்க பாருங்க. தெரிஞ்சத எழுதுங்க. தெரியாதத தொடாதீங்க, வெறுமனே விட்டுருங்க. விட்டாலே சீட்டு கெடச்சிரும் போல இருக்கு."

"விட்டுருதேன்."

"அந்தோனியார் மேல சத்தியமா?"

"சத்தியமா."

இந்தச் சத்தியத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பதில் பர்னபாஸ் கவனமாக இருந்தார். மேலப்பாளையத்து அசன் மைதீனுக்கு மட்டும் தெரியும். அவர் எதிர்க் கம்பெனி ரெப். பதினைந்து வருடமாக ஒரே டாக்டர்களின் ஒரே கதவுகளில் பர்னபாஸுக்குப் பக்கத்தில் நிற்பவர். வண்ணார்பேட்டை டீக்கடையில் பையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் எட்டிப் பார்த்ததில் பர்னபாஸ் அவரிடம் மாட்டிக்கொண்டார்.

"என்ன வே பர்னபாசு, உமக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? இப்பம் உமக்கு முப்பத்தெட்டு. அஞ்சரை வருஷம் படிச்சு முடிக்கையில நீரு டாக்டர் வயசத் தாண்டி நோயாளி வயசுக்கு வந்துருவீரு."

"ரெண்டையும் நானே பாத்துக்கிடுதேன் வே. பீஸு மிச்சம்."

"அல்லா காப்பாத்தட்டும்" என்றார் அசன் மைதீன். "உம்ம இல்ல, நோயாளிய."

ஆனாலும் ரகசியம் காப்பதில் அவர் வாய் இறுக்கமானது. விஷயம் உடைந்தது வேறிடத்தில். மாமியார் விக்டோரியா மணப்பாட்டிலிருந்து கருவாட்டு மூட்டையோடு வந்திறங்கினார். மருமகன் தையல் மிஷினிடம் ஈரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு முதலில் பயந்தார். மகள் விவரம் சொன்னதும் நெகிழ்ந்துவிட்டார். கடற்கரையில் வளர்ந்த அந்த அம்மாளுக்குத் தெரிந்த உதவி ஒன்றுதான். யாரிடமும் சொல்லாமல் கோயில் அலுவலகத்துக்குப் போய் ஒரு பூசைக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

பூசைக்குக் கொடுத்தால், எதற்காக என்பதைப் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. கோயில் நிறைந்த கூட்டம். பங்குச்சாமி ஜேசுதாசன் வாசித்தார்.

"இறந்த சூசையம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. காணாமல் போன பைக் திரும்பக் கிடைத்ததற்கு நன்றியாக. நம் பங்கைச் சேர்ந்த பர்னபாஸ் நீட் தேர்வில் வெற்றி பெற்று மருத்துவராக வேண்டி, மாமியார் விக்டோரியா. மாணவரின் வயது..."

சாமியார் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "பதினெட்டா, முப்பத்தெட்டா?"

பெண்கள் வரிசையிலிருந்து கணீரென்று குரல் வந்தது. "முப்பத்தெட்டுதான் சாமி!"

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாலாவது பெஞ்சில் ஒரு எலும்பு டாக்டர் இருந்தார். அவரும் திரும்பினார், பழக்கத்தில் அரை வட்டம் திரும்பி, பெஞ்சு சுற்றாததால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அந்த எலும்பு டாக்டரின் அறைக் கதவைத் திறந்து பர்னபாஸ் தலையை நீட்டியபோது, வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒரு காரியம் நடந்தது.

"வாரும், வாரும். உட்காரும்" என்றார் டாக்டர்.

பதினைந்து வருடத்தில் முதல் நாற்காலி. நின்றபடி இருப்பவரைப் பார்த்து ஒன்றரை நிமிடத்துக்குமேல் சிரிக்க முடியாது என்பதுதான் காரணம். டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க, கிரெப்ஸ் சைக்கிள சொல்லும் பாப்போம்" என்றார்.

உட்கார்ந்தபடி பர்னபாஸுக்கு வரவில்லை. எழுந்தார், பையை மாட்டினார், "குட் மார்னிங் சார், ஒன் மினிட் சார்" என்று தொடங்கினார். சிட்ரேட்டில் ஆரம்பித்து ஒரு சுற்றுச் சுற்றிச் சிட்ரேட்டிலேயே கொண்டுவந்து சேர்த்து, "உங்க ஆதரவு வேணும் சார்" என்று முடித்தார்.

டாக்டர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார் யோசனையோடு. "சாம்பிள் இருக்கா?"

மே மாதம் பரீட்சை வந்தது. ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மையம். ஷூ கூடாது, முழுக்கைச் சட்டை கூடாது, பெல்ட் கூடாது என்று விதி. டை கட்டாமல் வீட்டை விட்டுக் கிளம்பியறியாத பர்னபாஸ், அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக, குளிக்கப் போகிறவர்போல் வாசலில் நின்றார். காவலுக்கு நின்ற பையன் கையைக் காட்டினான்.

"ஐயா, பேரண்ட்ஸ் எல்லாம் அந்தப் பந்தல்ல இருங்க."

"நான்தாம்பா எழுதுதேன்."

"பிள்ளைய முதல்ல அனுப்புங்க ஐயா, லேட்டாகுது."

"நான்தான் பிள்ளை."

ஹால் டிக்கெட்டைப் பார்த்து, படத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து உள்ளே விட்டார்கள். அடுத்தது சோதனைக் கருவி. அது பீப் என்றது. பர்னபாஸ் திகைத்தார். பனியனைப் புரட்டிப் பார்த்தால், மாமியார் இரவோடு இரவாக அந்தோனியார் சுரூபம் பதித்த சின்ன டாலர் ஒன்றை ஊக்குப் போட்டு உள்பக்கம் குத்தியிருந்தார். அந்தோனியாரைக் கழற்றி ஜாய்சியிடம் கொடுத்தார்கள். சத்தியத்துக்குச் சாட்சியானவர் இப்படி வாசலிலேயே நின்றுபோனார்.

அறைக்குள் பர்னபாஸ் நுழைந்ததும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து, "குட் ஆஃப்டர்நூன் சார்" என்றார்கள். பர்னபாஸ் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு மெதுவாக, நிறுத்தி, "உட்காருங்க" என்றார். முழு அறையும் உட்கார்ந்தது. டாக்டராவதில் உள்ள சுகம் இவ்வளவுதான் என்றாலும் போதும் என்று அவருக்குத் தோன்றியது.

வினாத்தாள் வந்தது. பயாலஜியில் நெஃப்ரான் வந்தது, ஹென்லே வளைவு வந்தது, செம்பருத்தி வந்தது. எல்லாம் அவர் விற்ற சரக்கு. கெமிஸ்ட்ரியும் கைவிடவில்லை. பிசிக்ஸில் தெரிந்ததை எழுதினார். தெரியாத இருபத்தாறு கேள்விகளைச் சத்தியப்படி தொடாமல் விட்டார். விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருந்தது.

அந்த நேரம்தான் எமன். விடைத்தாளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நான்காக வட்டங்கள், மாத்திரை அட்டை மாதிரியே அடுக்கியிருந்தன. இருபத்தாறு வரிசைகளில் ஒன்றும் வைக்கவில்லை. இருபத்தாறு அறைகளுக்குள் போய், இருபத்தாறு மேஜைகளிலும் ஒன்றும் வைக்காமல் வெளியே வருகிறோம் என்று பதினைந்து வருடப் பழக்கம் காதில் ஓதியது. பர்னபாஸ் முதலில் ஒன்றே ஒன்று, மரியாதைக்கு, என்று பேனாவை எடுத்தார். ஒரு டாக்டருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்து டாக்டருக்குக் கொடுக்காவிட்டால் நன்றாக இருக்குமா? மணி அடித்தபோது எந்த மேஜையும் வெறுமையாக இல்லை.

வெளியே ஜாய்சி தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தாள்.

"எப்படி எழுதியிருக்கிய?"

"ஜோரா எழுதியிருக்கேன்."

"பிசிக்ஸுல எத்தன விட்டிய?"

பர்னபாஸ் நிறையத் தண்ணீர் குடித்தார். பாட்டில் தீர்ந்துபோனதால் பதில் சொல்ல வேண்டிவந்தது.

"எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு வச்சுட்டு வந்துட்டேன்."

ஜாய்சி கையிலிருந்த அந்தோனியாரைப் பார்த்தாள். பஸ் கொக்கிரகுளம் பாலம் தாண்டும்வரை அவரை முந்தானையில் முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "ராய்ப்பூர்ல பிளவுஸு தைப்பாங்கல்லா?" என்றாள்.

ரிசல்ட் வந்தது. இருபத்தாறு சாம்பிள்களில் இரண்டுதான் விலைபோயிருந்தன. மற்றவை எல்லாம் சேர்ந்து, வந்த மார்க்கையும் தின்று, மேற்கொண்டு பதினாறு மார்க்கையும் விழுங்கியிருந்தன. அரசு மருத்துவக் கல்லூரி இடங்கள் எல்லாம் நிரம்பி முடிந்தபோது பர்னபாஸ் பதினோரு மார்க் தள்ளி நின்றார். அங்கேயும் நின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீட்டில் தேறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு என்பது விக்டோரியாவுக்குத் தெரியாது. மருமகன் தேறிவிட்டார் என்றதும் நன்றிப் பூசைக்குக் கொடுத்துவிட்டார். அதையும் பீடத்தில் வாசித்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் நாலு பேர் பர்னபாஸிடம் நாக்கை நீட்டிக் காட்டினார்கள்; ஒரு கிழவர் முழங்காலைக் காட்டினார். 'இல்லை' என்று சொல்லிப் பழகாதவர், எல்லாவற்றையும் பார்த்தார்.

வீட்டில் ஜாய்சி பெட்டி கட்டத் தொடங்கினாள். மிஷினைக் கொண்டுபோவதா, இங்கேயே விற்றுவிடுவதா என்று அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்க்கப் பர்னபாஸால் முடியவில்லை. டீக்கடைக்குப் போனார்.

"ஏன் வே, சித்தா இருக்குல்லா?" என்றார் அசன் மைதீன். "அதுக்கும் இந்த மார்க்குதான. உம்ம வீட்டுலருந்து நடந்து போற தூரத்துல காலேஜு கெடக்கு. போய்க் கஷாயம் ஆத்தும்."

"பதினஞ்சு வருஷமா ஆன்டிபயாடிக் வித்துட்டு, இப்பம் சுக்கு இடிக்கச் சொல்லுதீரா?"

"ராய்ப்பூர்ல போயி மட்டும் என்னத்த இடிக்கப் போறீரு?"

கோபத்தில்தான் விண்ணப்பம் போட்டார். கலந்தாய்வில் பாளையங்கோட்டையிலேயே இடம் ஒதுக்கி ஆணை வந்துவிட்டது. ஜாய்சி அதை இரண்டு முறை வாசித்தாள்.

"சர்க்கார் காலேஜுதான?"

"ஆமா. ஆனா சித்தால்லா?"

"நான் சர்க்கார் சீட்டுன்னுதான் சொன்னேன். எந்த மருந்துன்னு சொல்லல. உங்களுக்குப் பிடிக்கலன்னா சொல்லுங்க, பெட்டி கட்டித்தான் இருக்கு."

சேர வேண்டிய கடைசி நாளும் ராய்ப்பூருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளும் ஒரே வாரத்தில் வந்தன. மதுரை மேனேஜர் தினமும் போன் செய்தார். இத்தனை வருடம் கஷாயத்தைக் கிண்டல் செய்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பர்னபாஸுக்குத் தெரியவில்லை. எதற்கும் அந்த இடத்து நாற்காலி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று பையை மாட்டிக்கொண்டு சித்தா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பழக்கப்படி கதவை ஒரு சாண் திறந்து தலையை நீட்டினார். உள்ளே இருந்த பெண் மருத்துவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"குட் மார்னிங் மேடம். ஒன் மினிட்..."

"வாங்க. உட்காருங்க. கையக் காட்டுங்க."

"நான் நோயாளி இல்ல மேடம்."

"இருக்கட்டும். வந்தவங்க உட்காரணும்லா? நின்னுக்கிட்டே எப்படி நாடி பார்க்கது?"

பர்னபாஸ் உட்கார்ந்தார். சிரிப்பதற்காக இல்லாமல் கிடைத்த முதல் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலிதான். எதிரே பார்த்தால் மருத்துவருக்கும் அதே பிளாஸ்டிக். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றரை நிமிடம் போனது; அவருக்கு அவசரம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

"பித்தம் ஏறிப் போயிருக்கு. நின்னே பாக்குற வேலையா?"

"பதினஞ்சு வருஷமா மேடம்." தயங்கிவிட்டுக் கேட்டார். "இங்க சுத்துற நாற்காலி கெடையாதா?"

"எதுக்கு? நான் சுத்துனா உங்க நாடி தப்பிப் போயிரும்."

எழுந்தபோது பர்னபாஸின் கை அவரைக் கேளாமலே பைக்குள் போய், அசிடிட்டி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துவிட்டது. மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நிலவேம்பு. காலையில வெறும் வயித்துல காய்ச்சிக் குடிங்க. கசக்கும். துப்பிரப்படாது."

பொட்டலத்தைப் பர்னபாஸ் பைக்குள் போட மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தார். ஊருக்கெல்லாம் சாம்பிள் கொடுத்தவருக்கு அன்றுதான் ஒருவர் சாம்பிள் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை. ஜாய்சி மிஷினில் இருந்தாள். கிறிஸ்டி பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பர்னபாஸ் கஷாயத்தை ஒரே மடக்கில் வாயில் ஊற்றிய நேரத்தில் போன் அடித்தது. மதுரை மேனேஜர்.

"என்ன பர்னபாஸ், ராய்ப்பூருக்கு டிக்கெட் போட்டுறலாமா? இன்னைக்குத்தான் கடைசி. ரெடிதானே?"

சாதாரண நாளாக இருந்தால், 'கண்டிப்பா சார், ஷ்யூர் சார், உங்க ஆதரவு சார்' என்று தொடங்கி ஒன்றரை நிமிடம் பேசி, ராய்ப்பூருக்கு எப்படிச் சம்மதித்தோம் என்று தெரியாமலே சம்மதித்திருப்பார். கசப்பு நாக்கின் நுனியிலிருந்து தொண்டைவரை பிடித்து உலுக்கியது. அந்த வாயில் நீளமாக ஒரு வார்த்தையும் நிற்காது. விழுங்கினார்.

"இல்ல" என்றார்.

மிஷின் நின்றது.

"என்னது?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்." இரண்டாவது முறை அது கொஞ்சம் சுலபமாக வந்தது. "வரல சார். எனக்குக் காலேஜு இருக்கு."

மறுமுனையில் மேனேஜர் என்ன காலேஜ், யாருக்குக் காலேஜ் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விளக்கிச் சொல்லலாம் என்று பர்னபாஸ் எழுந்து, பையைத் தேடி, தோளில் மாட்டிக்கொண்டு, "குட் மார்னிங் சார், ஒன் மினிட் சார்..." என்று ஆரம்பிக்கையில் கிறிஸ்டி சடையைப் பின்னால் எறிந்துவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, போனக் கீழ வைங்க. உக்காந்து படிங்க."

பர்னபாஸ் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.